கீழ்ச் சைலீசியாவில் யூதர் மறுவாழ்வு (1945–1950)

போலந்து யூதரின் போர்ப் பிற்கால வரலாற்றை எழுதுவோர் அவர்தம் வெளியேற்றத்தையே பெரிதும் எழுதுவர். வெளியேறுமுன் அவர்கள் ஒரு வாழ்வைக் கட்டி எழுப்பினர் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. அவ்வாழ்வு குலைந்தமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு நம் வினா.

1939 இல் போலந்தில் ஏறத்தாழ 33 இலட்சம் யூதர் வாழ்ந்தனர். அவருள் பத்தில் ஒன்பதின்மர் அழிக்கப்பட்டனர். எஞ்சியோருட் பெரும்பாலார் சோவியத்து நாட்டினுள் போர்க்காலத்தைக் கழித்தவர். 1946 இல் அவர்கள் திரும்பியபோது பழைய ஊர்களில் வீடுமில்லை, உறவினருமில்லை. செருமனியிடமிருந்து போலந்தின் ஆட்சிக்கு வந்த கீழ்ச் சைலீசியாவோ குடிமக்களை வேண்டி நின்றது. அங்கே குரோசு-ரோசன் முகாமின் கிளைகளிலிருந்து மீண்ட யூதர் பல்லாயிரவர் 1945 மே முதலே தங்கியிருந்தனர். இவர்கள் ரைகன்பாக்கு நகரிற் குழு அமைத்தனர். யாக்குப் எகித்து அதன் தலைவரானார். அந்நகர் 1946 இல், தேனீ ஆய்வாளர் ஒருவரின் பெயரால் ஜெர்ஜோனியூவ் எனப்பட்டது.

குடியேறியோர் புகுந்தவை செருமானியர் விட்டுச்சென்றனவும், அவர்களை வெளியேற்றிப் பெற்றனவுமான வீடுகளே. இதனை மறைத்தெழுதுதல் முறையன்று. ஆயினும் அவ்வீடுகளில் எழுந்த வாழ்வு வியத்தற்குரியது. வாவ்பிஷிக் நிலக்கரிச் சுரங்கங்களில் யூதர் இறங்கினர். தையல், காலணித் தொழில்களிற் கூட்டுறவுகள் தோன்றின. இத்திசு மொழிப் பள்ளிகளும் நாடகமேடையும் மருத்துவ நிலையங்களும் எழுந்தன. பணவுதவி பெரும்பாலும் அமெரிக்க யூதரின் 'ஜாயின்ட்' அமைப்பினின்றும் வந்தது. பொதுவுடைமையாளரும் 'புந்து' கட்சியினரும் சீயோனியரும் ஒரே குழுவில் அமர்ந்தனர் என்பது அவ்வாட்சியின் தொடக்க ஆண்டுகளுக்கே உரிய காட்சி.

1946 சூலை 4 ஆம் நாள் கெல்ட்சே நகரிற் பொய்வதந்தியால் மூண்ட படுகொலையில் யூதர் 42 பேர் மாண்டனர். படைவீரரும் காவலரும் அதிற் கலந்திருந்தமையால் அச்சம் நாடெங்கும் பரவிற்று. பல்லாயிரவர் எல்லை கடந்தனர். இதனையே முடிவெனக் கொள்வார் உளர். நாம் அவ்வாறு கொள்ளோம். மக்கள் குறைந்தனரேனும், பள்ளிகளும் கூட்டுறவுகளும் அதன்பின்னும் இரண்டாண்டுக்கு மேல் இயங்கின.

அவற்றை மூடியது அரசே. ஸ்டாலினியப் போக்கு இறுகியபோது, தனியமைப்புகள் ஐயத்திற்குரியன ஆயின. 1949 சனவரியிற் புந்து கலைக்கப்பட்டது. அதன்பின் சீயோனியக் கட்சிகளும் மறைந்தன. பள்ளிகள் அரசுடைமையாயின; ஜாயின்ட் வெளியேற்றப்பட்டது. 1950 இல் யூதர் மத்தியக் குழு, ஆட்சிக்கு உட்பட்ட பண்பாட்டுச் சங்கத்தில் இணைக்கப்பட்டது. இசுரேல் செல்ல இசைவு கிடைத்த 1949–50 இல், ஏறத்தாழ 30,000 பேர் போலந்தை விட்டகன்றனர்.

அரசு குடியேற்றத்திற்கு இடந்தந்தது, எல்லைப்புறத்தை நிரப்பும் தன் தேவை கருதியே என்பது நம் துணிபு. அத்தேவை நீங்கியபோது ஆதரவும் நீங்கிற்று. எகித்து பின்னர்க் கனடாவிற் குடியேறினார். 1991 இல் வெளிவந்த தம் நினைவுநூலுக்குப் 'பெருமாயை' எனப் பொருள்படும் பெயரிட்டார். ஜெர்ஜோனியூவில், 1875 இற் கட்டப்பெற்று நாட்சியர் காலத்திலும் இடிபடாது நின்ற தொழுகைக்கூடத்தில், வெளியேறாது தங்கிய சிலர் பின்னரும் பல்லாண்டு கூடித் தொழுதனர்.