உறிஞ்சு குழாயும் ஒரு மணி நேரமும்

பக்கவாதம் என்றாலே முன்பு எண்ணெய்த் தேய்ப்பும் காத்திருப்பும்தான். 1965-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியை நீக்க உலகில் எங்குமே உறுதியான வழி இல்லை.

1996-ல் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் பெரிய கட்டிகள் பல அதற்குக் கரைவதில்லை. எனவே தொடை வழியாகக் குழாய் செலுத்தி, கட்டியை வெளியே எடுக்கும் முறை வந்தது. 2004-ல் திருகுக் கம்பி, பிறகு வலைக் கம்பி, உறிஞ்சு குழாய். 2015-ல் வெளியான ஆய்வுகள் வலைக் கம்பியின் பலனை நிரூபித்தன.

சரி, உறிஞ்சுவது நல்லதா, வலையால் இழுப்பது நல்லதா? 2019-ல் வெளியான 'காம்பஸ்' ஆய்வில் 270 நோயாளிகள். 90 நாட்களுக்குப் பின் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள்: உறிஞ்சு குழாயில் 52%, வலைக் கம்பியில் 50%. கிட்டத்தட்ட சமம்தான்!

அதே 2019-ல்தான் நெல்லை மருத்துவக் கல்லூரியில் உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து அங்கே வர ஒரு மணி நேரமாவது ஆகும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்திற்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. ஒரு மணி நேரத்தில் 11 கோடிக்கும் மேல்.

எந்தக் கருவி என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழைப்பது வீட்டாரின் வேலை.