கால் ராத்தல் பாதரசம்

இன்ன எடை இட்டால் இன்ன எடை கிடைக்கும் என்னும் கணக்கே இன்றைய இரசாயனத்தின் அடித்தளமாகும். இக்கணக்கின் வரலாற்றை எழுதப் புகும் நம்மவரிற் பலர், அந்தலுஸ் நாட்டு அறிஞர் மஸ்லமாவின் சோதனையை எடுத்துக்காட்டி, பிரெஞ்சு அறிஞர் லவாய்சியருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் பொருளின் அழியாமையை நிறுவிவிட்டார் எனப் பெருமிதங் கொள்வதுண்டு. அப்பெருமிதத்தையும் ஒருமுறை தராசில் இட்டுப் பார்ப்பது நம் கடன்.

சோதனை 'ருத்பத்துல் ஹகீம்' என்னும் அறபு நூலில் உள்ளது. நெடுங்காலம் அந்நூல் மஜ்ரீத் நகரத்து மஸ்லமாவுக்கு உரியதெனக் கருதப்பட்டது. ஹிஜ்ரி 353இல் (கி.பி. 964) மறைந்த குர்துபா நகரத்து மஸ்லமா இப்னு காஸிமே ஆசிரியர் என்பது இக்கால ஆய்வாளர் முடிவு. முட்டை வடிவக் கண்ணாடிக் கலத்தில் கால் ராத்தல் பாதரசம் இட்டு, அதனை வேறொரு பாத்திரத்துள் வைத்து, நாற்பது நாள் இரவும் பகலும் இளஞ்சூட்டிலே வைத்திருந்தார். பாதரசம் செந்தூளாயிற்று. எடையோ முன்னிருந்தபடியே இருந்ததெனக் குறித்தார். (நம் கடைத்தெருக்களில் வழங்கிய 'ராத்தல்' என்பதும் இதே அறபுச் சொல்தான்.)

இங்கேதான் இடர்ப்பாடு எழுகிறது. பாதரசம் செந்தூளாவது காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்பதனாலேயே. 200.6 பங்கு பாதரசம் 16 பங்கு பிராணவாயுவோடு சேரும். ஆகவே, கணக்கின் எளிமைக்காகக் கால் ராத்தலை 100 கிராம் என்று கொண்டால், கிடைக்கவேண்டிய தூள் ஏறக்குறைய 108 கிராம். எடை மாறாதிருந்திருக்க இயலாது! கலம் இறுக மூடியிருந்ததென்போமாயின், அந்த 8 கிராம் பிராணவாயுவைத் தருவதற்குச் சுமார் 28 லிட்டர் காற்று உள்ளே இருந்திருக்கவேண்டும். முட்டை வடிவக் கலமொன்றில் அவ்வளவு காற்றுக்கு இடமேது? ஆகவே காற்று புகும் வழி இருந்திருக்கவேண்டும். அவ்வழியே பாதரசம் ஏழு கிராமுக்கு மேல் ஆவியாய் வெளியேறியிருப்பின், வரவும் செலவும் ஈடாகி எடை மாறாததுபோல் தோன்றியிருக்கும். இதுவே பொருத்தமான விளக்கம் என நாம் கருதுகிறோம்.

அதனால் மஸ்லமாவின் மதிப்புக் குன்றாது. முன்னும் பின்னும் நிறுத்து, கண்டதை எழுதி வைத்தாரே, அது அக்காலத்தில் அரிது. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூல்களில் 'மீஸான்' என்னும் சொல் எங்கும் விரவிக் கிடக்கிறது. எனினும் அது பெரும்பாலும் உலோகப் பெயர்களின் எழுத்துகளுக்கு எண் மதிப்பிட்டுத் தன்மைகளைக் கணிக்கும் முறையேயன்றித் தட்டில் இட்டு நிறுத்ததன்று.

லவாய்சியர் செய்ததோ வேறு. காற்றையும் கணக்கில் சேர்த்தார். 4 அவுன்ஸ் பாதரசத்தை 50 கன அங்குலக் காற்றோடு அடைத்து 12 நாள் சூடேற்றினார். காற்றில் ஏழெட்டுக் கன அங்குலம் குறைந்தது, 45 கிரெயின் செந்தூள் கிடைத்தது. அத்தூளை மேலும் கடுமையாகச் சுட்டபோது 41½ கிரெயின் பாதரசமும், குறைந்த அளவுக்கே வாயுவும் மீண்டன. 1789இல் வெளியான தம் நூலில் இதனை விரித்துரைத்தார். இன்றைய விகிதப்படி 41½ கிரெயின் பாதரசத்துக்கு வரவேண்டிய செந்தூள் 44.8 கிரெயின்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1792இல், ரிக்டர் என்னும் ஜெர்மானியர் அமிலங்களும் காரங்களும் எந்தெந்த எடையில் சமனாகும் என ஆராய்ந்து, இக்கணக்குக்கு 'ஸ்டோய்க்கியோமெட்ரி' என்று பெயரிட்டார். மூலகங்களை அளத்தல் என்பது அக்கிரேக்கச் சொற்களின் பொருள்.