தேர்க்காலும் கார் சக்கரமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

"கேஸ் போடலாமா சார்?" மழைக்காலம் வந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது போன் செய்வார்கள். சென்ற மாதம் கேட்டவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண். இப்போது கொழுந்து பறிக்கிறார். கோத்தகிரி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவரை வளைவில் வந்த கார் இடித்து, கால் எலும்பு முறிந்துவிட்டது. காரை ஓட்டியவர் பக்கத்து ஊர்க்காரர்தான். ஓடிப்போகாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்து, முதல் பில்லையும் கட்டியிருக்கிறார். "நல்ல மனுஷன் சார், அவரைப் போய் கோர்ட்டுக்கு இழுக்கலாமா?" என்று தயங்கினார். மாமியார் வேறு, அடிபட்ட காசு வீட்டில் தங்காது என்கிறாராம்.

நான் வக்கீல் இல்லை. முப்பது வருடம் வரலாறு நடத்தியவன். எனக்குத் தெரிந்த வழியில்தான் பதில் சொல்ல முடியும்.

நம் மனதில் பதிந்திருக்கும் முதல் சாலை விபத்து திருவாரூரில் நடந்தது. இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கிச் செத்தது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் கிடத்தினான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. கதையைக் கவனியுங்கள். பசுவுக்கு அரசன் கொடுத்தது தண்டனை. அதன் இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. இன்றும் "கேஸ்" என்றதும் ஓட்டியவருக்குத் தண்டனை வாங்கித் தருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். நல்ல மனிதர்கள் தயங்குவதும் அதனால்தான். ஆனால் நஷ்டஈடு வேறு பாதையில் வளர்ந்த ஒன்று.

அந்தப் பாதை இங்கிலாந்தில் அநியாயமாகத்தான் தொடங்கியது. 1808இல் ஒரு குதிரை வண்டி கவிழ்ந்து, பயணம் செய்த பெண் சுமார் ஒரு மாதம் கிடந்து இறந்தார். கணவர் வழக்குப் போட்டார். எலன்பரோ பிரபு என்ற நீதிபதி, மனைவி உயிரோடு இருந்த அந்த ஒரு மாத இழப்புக்குத்தான் பணம் கேட்கலாம், ஒரு மனிதரின் சாவு சிவில் நீதிமன்றத்தில் இழப்பாகாது என்றார். அதாவது கையை உடைத்தால் காசு, ஆளைக் கொன்றால் ஒன்றுமில்லை! ரயில் வந்து சாவுகள் பெருகியபின் 1846இல் அங்கே சட்டம் மாறியது. 1855இல் அதே சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் யாருடைய கவனக்குறைவு என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்கும் பாரம் வழக்குப் போட்டவர் தலையில்தான். படிக்காத ஒரு தோட்டத் தொழிலாளி இதை எங்கே போய் நிரூபிப்பார்?

மோட்டார் வண்டிகளுக்கான முதல் அகில இந்தியச் சட்டம் 1914இல் வந்தது. லைசென்ஸ், பதிவு, அவ்வளவுதான். அடுத்தது 1939ஆம் ஆண்டுச் சட்டம். அதில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கும் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தேதியை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை, நானும் சொன்னதில்லை, பாடத்திட்டத்தில் கிடையாது. ஆனால் நம் மாணவியின் தயக்கத்துக்குப் பதில் இதில் இருக்கிறது. அன்று முதல் ரோட்டில் இறங்கும் ஒவ்வொரு வண்டியும் அடிபடப்போகும் யாரோ ஒருவருக்காக முன்கூட்டியே பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறது. அந்தக் கார்க்காரரும் வருடாவருடம் கட்டியிருக்கிறார். பாலிசி சரியாக இருந்தால் பணம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரும், அவர் வீட்டை விற்க வேண்டியதில்லை. பாலிசி காலாவதியாகியிருந்தால் பாரம் வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும், அது வேறு பேச்சு.

1956இல் சட்டத்தைத் திருத்தி, இதற்கென்றே தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தார்கள். தண்டனையும் நஷ்டஈடும் வேறு வேறு என்பதை எல்லோருக்கும் புரியவைத்தது 1980இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு தமிழ்நாட்டு வழக்கு. என்.கே.வி. பிரதர்ஸ் என்ற பஸ் கம்பெனியின் வண்டி இரவில் தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் வழக்கில் இது கடவுள் செயல் என்று டிரைவர் விடுதலையானார். ஆனால் கம்பியைப் பார்த்துப் பயணிகள் கத்தியும் அவர் வேகமாகப் போனதைத் தீர்ப்பாயம் கண்டது. கிரிமினல் விடுதலை நஷ்டஈட்டைத் தடுக்காது, ஏதோ ஒரு சின்னச் சந்தேகத்தைக் காட்டி முதலாளி தப்பக் கூடாது என்றார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். தவறு யாருடையது என்று பார்க்காமலே இழப்பீடு தரும் திசைக்குச் சட்டம் போக வேண்டும் என்பதையும் அவர் சொல்லி வந்தார். 1982இல் அது முதல் அடி வைத்தது: சாவுக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500.

நம் மலைக்கு முக்கியமான மாற்றம் 1994இல் வந்தது. அதுவரை விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனுப் போட முடியும். கோயம்புத்தூரில் அடிபட்ட கூடலூர்க்காரர் வாய்தாவுக்கு வாய்தா கீழே இறங்க வேண்டும், இங்கே அடிபட்ட தென்மாவட்டத்துக்காரர் மேலே ஏற வேண்டும். 1994க்குப் பிறகு, குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்தது நினைவிருக்கும். அதில் வந்தவர்கள் கடையம் பக்கத்து மக்கள். அப்படிப்பட்டவர்கள் ஊட்டிக்கு அலைய வேண்டியதில்லை. அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையை நஷ்டஈட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கருணை, இது உரிமை.

ஊனத்துக்குத் தொகை கணக்கிடுவதில் 2010இல் வந்த ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பை நான் மிக மதிக்கிறேன். டாக்டர் சான்றிதழில் எழுதும் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல, அடிபட்டவர் என்ன வேலை செய்தார் என்று பார் என்றது. கால் மடங்காவிட்டால் என்னைப் போன்ற வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எடுத்துவிடலாம். கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு அதே கால் என்றால் பிழைப்பே போச்சு. அதனால்தான் சம்பளச் சீட்டையும் எஸ்டேட் வேலைப் பதிவையும் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

எஸ்டேட்காரர்களுக்கு இன்னும் ஒன்று. வேலையின்போது வண்டியில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு, மோட்டார் வாகனச் சட்ட இழப்பீடு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். லாரியிலும் பிக்கப்பிலும் தொற்றிக்கொண்டு வீடு திரும்புகிறீர்களே, அதற்கும் ஒரு வழக்கு உண்டு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி இருபது வருடத்துக்கு மேலாகிறது. பஸ் இல்லாத ஊரில் வேறு எதில்தான் வருவார்கள் என்று கேட்கிறீர்களா? எனக்கும் அந்தக் கோபம் உண்டு. யார் மேலும் மோதாமல், தானே தன் பைக்கில் சறுக்கி விழுந்தவருக்கு இந்த வழக்கு கிடையாது. அவர் பாலிசியோடு வண்டி ஓட்டும் சொந்தக்காரருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். 2018 முதல் அந்தத் தொகை 15 லட்சம்.

கடைசியாக 2019 திருத்தம். நஷ்டஈட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 1994இல் எடுத்துவிட்ட காலக்கெடுவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்: விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஆனால் அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். "கால் சரியாகட்டும், பிறகு பார்ப்போம்" என்பதுதான் நம் வழக்கம். எலும்பு கூடுவதற்குள் பாதிக் கெடு போய்விடும். அதற்குள் எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, பில்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். வருவதில் பாதி எனக்கு என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் போகாதீர்கள். வழக்கில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கே தடை செய்யப்பட்டது.

அதே திருத்தத்தில் 164ஆம் பிரிவும் இருக்கிறது. தவறு யாருடையது என்ற பேச்சே இல்லாமல் சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கம்பெனியோடு பேசி முடித்து அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166ஆம் பிரிவில் போட்ட மனு அதோடு செத்துவிடும். பதினைந்து நாளில் எழுந்து நடக்கப்போகிறவருக்கு முதலாவது போதும். இனிக் கொழுந்துக் காட்டுக்குப் போகவே முடியாது என்று டாக்டர் சொன்னால் இரண்டாவதற்குப் பொறுத்திருங்கள், வருடங்கள் ஆனாலும். கம்பெனி நீட்டும் காகிதத்தில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் ஊட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம்.