கோதாவுக்கு அப்புறம்

கல்லூரியில் குஸ்தி பிடித்த நாங்கள் பட்டம் வாங்கியதோடு கோதாவை விட்டோம். "இது சோறு போடுமாலே?" என்று வீட்டில் கேட்டால் பதில் கிடையாது. அதனால்தான் ஹரியானாவின் ரித்து போகாட்டை ஆவலோடு கவனித்தேன். 2016 காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் தங்கம் வென்றவர், 2019-இல் சிங்கப்பூர் போய், அடி, உதை, பிடி மூன்றும் கலந்த தொழில்முறைச் சண்டையில் இறங்கினார்.

அந்த நவம்பரில் பெய்ஜிங்கில் முதல் சண்டை. முதல் சுற்றிலேயே வெற்றி. ஆளைச் சாய்க்க மல்யுத்தம் கைகொடுத்தது. ஆனால் 2021 டிசம்பர் இறுதிப் போட்டியில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் கையைப் பூட்டி அவரைத் தோற்கடித்தார். மல்யுத்த விதியில் அந்தப் பூட்டுக்கு இடமில்லை. நம்மூர் அடிமுறையிலோ பூட்டும் பிரிவும் உண்டு.

தம்பி தங்கைகளே, கோதாவுக்கு அப்புறமும் வழியிருக்கு. ஆனா பழைய பதக்கம் போதாது. திரும்பவும் முதல்லேர்ந்து படிக்கணும். நம்ம ஆசான்மாரிடமும் கொஞ்சம் கேட்டுக்கோங்க!