சுருள் சிரை நோய்: கண்டறிதலும் சிகிச்சையும் வளர்ந்த வரலாறு

சுருள் சிரை நோய் என்பது காலில் தோலுக்கு அடியில் உள்ள சிரைகள் புடைத்து, முறுக்கிக்கொண்டு காணப்படும் நிலையாகும். பேச்சு வழக்கில் இதை ‘நரம்பு சுருட்டல்’ என்பர். ஆனால் பாதிக்கப்படுவது நரம்பு அன்று. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரையே. கண்ணுக்கு எளிதில் தெரியும் இந்நோயின் காரணம் விளங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

பண்டைக்காலம்

கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸ் சுவடி, பாம்புபோல் வளைந்த இத்தகைய வீக்கங்களை அறுக்கக் கூடாது என எச்சரிக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் செல்சஸ், சிரையைச் சூடுபோடுதல், வெட்டி எடுத்தல் ஆகிய இரு முறைகளை விவரித்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ரோமானியத் தளபதி காயஸ் மாரியஸ் ஒரு காலில் அறுவை செய்துகொண்டபின், பட்ட வேதனைக்கு ஈடான பலன் இல்லை என்று மறு காலைக் காட்ட மறுத்ததாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார்.

வால்வுகளின் பணி

இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ், 1603இல் சிரை வால்வுகளைப் பற்றி நூல் வெளியிட்டார். சிரைகளில் இரத்தம் கைகால்களை நோக்கி ஓடுகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. எனவே, இரத்தம் அங்கே தேங்காமல் வால்வுகள் அதன் வேகத்தைக் குறைக்கின்றன என அவர் கருதினார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, 1628இல் இதைத் திருத்தினார். கையில் கட்டுப்போட்டுப் புடைத்த சிரையை விரலால் அழுத்தித் தள்ளிப் பார்த்தபோது, இரத்தம் வால்வைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. வால்வு என்பது இதயத்தை நோக்கி மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவு என்பது தெளிவாயிற்று.

நோய் அறியும் சோதனை

வால்வு பழுதானால் இரத்தம் கீழ்நோக்கித் திரும்பித் தேங்கும். செருமானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க், 1890-91இல் வெளியான கட்டுரையில் இதை எளிய சோதனையால் விளக்கினார். படுத்திருப்பவரின் காலை உயர்த்திச் சிரையை வடியச் செய்து, தொடைப் பகுதியில் அழுத்திப் பிடித்து, அவரை நிற்கவைக்க வேண்டும். பிடியை விட்டதும் சிரை மேலிருந்து சட்டென நிரம்பினால் வால்வு பழுது எனக் கொள்ளலாம். இதனால் புடைப்பை விடுத்து, தொடையில் உள்ள மூலச் சிரையைக் கட்டும் சிகிச்சை பரவியது. 1907இல் அமெரிக்கரான பாப்காக், சிரைக்குள் கம்பியைச் செலுத்தி அதை உருவி எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார்.

இக்காலம்

இன்று டாப்ளர் மீயொலிப் படம் இரத்தம் திரும்பும் இடத்தை நேரடியாகக் காட்டுகிறது. லேசர் அல்லது கதிரலை வெப்பத்தால் சிரை உள்ளிருந்தே அடைக்கப்படுகிறது. செல்சஸ் வெளியிலிருந்து போட்ட சூடு, இன்று உள்ளிருந்து இடமறிந்து போடப்படுகிறது எனலாம்.

காரணத்தைக் கண்டறிவதன் பயன் ஆறாப் புண்களில் தெளிவாகத் தெரிகிறது. 2004இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களுள் 28 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் புண் மீண்டும் வந்தது. சிரை அறுவையும் செய்துகொண்டவர்களுள் அது 12 விழுக்காடே. கணுக்காலருகே தோல் கருத்தல், அரிப்பு, மாலையில் வீக்கம் ஆகியவை புண்ணுக்கு முந்தைய அறிகுறிகளாகும். அந்நிலையிலேயே சிரையைச் சோதிப்பது நல்லது.