திருகோணமலைத் துறையும் பயணியர் உணவும்

இக்காலத்து விமான நிலையம் வகிக்கும் இடத்தைப் பாய்க்கப்பற் காலத்தில் துறைமுகம் வகித்தது. வந்திறங்குவோர் களைத்திருப்பர், தங்கும் காலமோ குறுகியது, உண்ணும் உணவு விரைவிற் கிடைப்பதாகவும், புதியதாகவும், உடலுக்கு உகந்ததாகவும் இருத்தல் வேண்டும். இன்றைய பயணிக்கு இது வசதி பற்றிய வினா. அன்றைய மாலுமிக்கோ உயிர் பற்றிய வினா. திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பைக் கூறுவோர் அதன் ஆழத்தையும் கோட்டைகளையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அத்துறை நோயுற்று வந்தோருக்கு அளித்த உணவும் அதன் வரலாற்றின் ஒரு கூறே என்பது ஈண்டு ஆராயற்பாலது.

நெடுங்கடற் பயணத்தில் மாலுமிகள் உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த பிஸ்கோத்தையுமே உண்டு வாழ்ந்தனர். பழமும் கீரையும் இன்மையால் ஸ்கேவி என்னும் நோய் அவர்களைப் பற்றியது. ஈறுகள் வீங்கிக் குருதி கசியும். ஆறிய புண்களும் மீண்டும் திறக்கும். ஈற்றில் இறப்பு நேரும். விற்றமின் சி குறைபாடே இதற்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. எனினும் அனுபவம் அறிவியலை முந்தியது. தம் கப்பல்களுக்குப் புத்துணவு வழங்கும் பொருட்டே ஒல்லாந்தர் 1652இல் நன்னம்பிக்கை முனையில் ஒரு நிலையத்தை நிறுவிக் காய்கறித் தோட்டம் இட்டனர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் நோயுற்ற பன்னிரு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகளை அளித்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். ஆயினும் இம்முடிவைப் பிரித்தானியக் கடற்படை முறையாக ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

அவ்விடைக்காலத்தின் விளைவைக் கிழக்கிலங்கை கண்டது. 1782 சனவரியில் சேர் எட்வேட் ஹியூஸ் தலைமையிலான பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஏப்பிரல் 12ஆம் நாள் அவர் பிரெஞ்சுத் தளபதி சவ்ரனுடன் இலங்கையின் கிழக்குக் கடலிற் பொருதினார். போரின் பின்னர் ஹியூஸ் திருகோணமலையை அடைந்து யூன் மாதம்வரை அங்குத் தங்கினார். கப்பல்களைச் செப்பனிடுதல் மட்டுமன்றி, ஸ்கேவியால் நலிந்த மாலுமிகளைத் தேற்றுதலும் அத்தங்கலின் நோக்கமாயிற்று. சவ்ரனும் அதே தேவையோடு மட்டக்களப்பை நாடினார். பகைவர் இருவரையும் ஒரே வேளையிற் கரைக்கு இழுத்தது நிலத்தின் நீரும் உணவுமே. அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலை சவ்ரன் வசமாயிற்று.

துறைமுகத்தின் இவ்வாற்றலுக்கு அதன் சுற்றுப்புறமே அடிப்படை. மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவிற் கலக்கின்றது. தம்பலகாமமும் கொட்டியாரமும் நெல் விளையும் நிலங்கள். குளக்கோட்டன் கந்தளாய்க் குளத்தைக் கட்டிக் கோணேசர் கோயிலுக்கு வயல்களை அளித்தான் என்னும் மரபைக் கோணேசர் கல்வெட்டு பேணுகின்றது. 1659இல் புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் ஒதுங்கியதும் கொட்டியாரத்திலேயே. அதில் வந்து சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் பின்னர் இந்நாட்டைப் பற்றி நூல் எழுதினார். தேசிக்காய், முருங்கையிலை, வல்லாரை என இப்பகுதி மக்கள் எளிய உணவாகக் கொள்பவற்றிலேயே ஸ்கேவியைத் தடுக்கும் சத்து அடங்கியுள்ளது. ஆயினும் போர் வரலாறுகளில் தளபதியர் பெயர் நிலைத்தமைபோல உழவர் பெயர் நிலைக்கவில்லை.

1794இல் கொமடோர் பீற்றர் றெய்னியரின் 'சபொக்' என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கி இருபத்துமூன்று வாரங்கள் இடைநில்லாது பயணஞ்செய்தது. மாலுமிகளுக்கு நாள்தோறும் எலுமிச்சஞ்சாறு வழங்கப்பட்டது. நோயின் அறிகுறி சிலரிடமே தோன்றியது. சாற்றின் அளவைக் கூட்டியதும் அவர்களும் தேறினர். 1795 ஓகஸ்டில் திருகோணமலையை மீண்டும் பிரித்தானியர் கைப்பற்றியபோது முன்னின்றதும் அதே றெய்னியரின் அதே கப்பலே என்பது குறிப்பிடத்தக்கது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நோயாளரோடு கரையை நாடிய கடற்படை, இப்போது மருந்தைத் தன்னுடன் கொண்டுவரக் கற்றிருந்தது.

இவ்வெற்றிக்கும் எல்லை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலுமிச்சஞ்சாற்றுக்குப் பதிலாகச் சத்துக் குறைந்த மேற்கிந்தியத் தேசிக்காய்ச்சாறு வழங்கப்பட்டது. நாட்பட வைத்தலாலும் அதன் பயன் குன்றியது. 1875-76இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பிரித்தானியக் குழுவினரை ஸ்கேவி மீண்டும் வாட்டியது. சாறு புட்டியில் இருந்தது. சத்து அதில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தின் அருகே சீனன்குடாவில் விமானத்தளமும் எழுந்தது. கலம் மாறினும் பயணியின் தேவை மாறவில்லை. கெடாதிருக்கும் உணவு வேறு, புதிய உணவு வேறு என்பதை மாலுமிகள் தம் உயிரை விலையாகக் கொடுத்து அறிந்தனர். வந்திறங்குவோருக்கு நல்லுணவு அளிக்கும் ஆற்றல் துறையின் கட்டடங்களில் மட்டும் தங்கியதன்று. அதனை அடுத்துள்ள வயலிலும் தோட்டத்திலும் தங்கியது என்பதே திருகோணமலை வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.