வரைபட உயரமா, கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரமா? தரையிறங்கும் விமானிகள் எதிர்கொள்ளும் குழப்பம்

தோப்பும்படி (கொச்சி): தரையிறங்க வரும் விமானம் எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்பதை விமானிக்கு இரண்டு தரப்புகள் தெரிவிக்கின்றன. ஒன்று, அச்சிடப்பட்ட வருகை வரைபடம். மற்றொன்று, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வானொலி வழியாக வரும் உத்தரவு. இவ்விரண்டும் வெவ்வேறு எண்களைக் கூறும்போது எதற்குக் கீழ்ப்படிவது என்ற ஐயம் கடந்த காலத்தில் உயிர்களைப் பறித்துள்ளது. அதைத் தீர்ப்பதற்கான சர்வதேச விதி 2016-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எனினும் நாடுகளுக்கிடையே சில வேறுபாடுகள் நீடிக்கின்றன.

வரைபடம் கூறுவது என்ன?

பெரிய விமான நிலையங்களை நெருங்கும் விமானங்களுக்கு நிலையான வருகைப் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. விமானிகள் இவற்றை 'ஸ்டார்' என்று அழைக்கின்றனர். பாதை நெடுகிலும் பெயரிடப்பட்ட புள்ளிகள் உண்டு. அவற்றில் பலவற்றின் அருகே உயரத்தைக் குறிக்கும் எண் இருக்கும். எண்ணின் கீழே கோடு இருந்தால் அந்த உயரத்திலோ அதற்கு மேலோ பறக்க வேண்டும். மேலே கோடு இருந்தால் அந்த உயரத்தையோ அதற்குக் கீழேயோ கடைப்பிடிக்க வேண்டும். மேலும் கீழும் கோடுகள் இருந்தால் மிகச் சரியாக அதே உயரத்தில் புள்ளியைக் கடக்க வேண்டும்.

இக்கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கீழே மலை இருக்கலாம். புறப்பட்டு மேலேறும் விமானங்களின் பாதை குறுக்கிடலாம். அருகில் ராணுவ விமானதளம் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணம் பெரும்பாலும் வரைபடத்தில் அச்சிடப்படுவதில்லை. எண் மட்டுமே விமானியின் கண்ணில் படுகிறது.

கொச்சியின் அமைப்பு

கொச்சியின் நில அமைப்பு இதனை எளிதில் விளக்கும். தோப்பும்படியிலிருந்து பாலத்தைக் கடந்தால் வெலிங்டன் தீவு. 1953-இல் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் கருடா கடற்படை விமானதளம் அங்குள்ளது. 1999-ஆம் ஆண்டு வரை கொச்சியின் பயணிகள் விமானங்களும் இந்தத் தளத்தையே பயன்படுத்தின. அவ்வாண்டு பயணிகள் சேவை நெடும்பாசேரிக்கு மாறியது. இரு தளங்களுக்கும் இடையே நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவே உள்ளது. மணிக்கு 250 கடல் மைல் வேகத்தில் வரும் ஜெட் விமானம் நான்கு நிமிடங்களுக்குள் இத்தொலைவைக் கடந்துவிடும்.

நெடும்பாசேரி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்துள்ளது. அதற்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி நிற்கிறது. இது 8,800 அடிக்கும் அதிகம். தமிழகத்தின் மீது பறந்து வரும் விமானம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிய பிறகே கணிசமாகக் கீழிறங்க இயலும். இத்தகைய சூழலில் 'இந்த உயரத்துக்குக் கீழே இறங்காதே' என்று வரைபடத்திலுள்ள எண் மலைக்கும் விமானத்துக்கும் இடையிலான பாதுகாப்பு இடைவெளியாகும்.

1974: ஒரே வாரத்தில் இரு விபத்துகள்

வரைபட உயரம் பற்றிய குழப்பத்துக்கு முதன்மைச் சான்றாகக் கூறப்படுவது அமெரிக்காவின் டிடபிள்யூஏ 514 விபத்து. 1974 டிசம்பர் 1-ஆம் தேதி வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்த அந்த போயிங் 727 விமானத்துக்கு, ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ 44 கடல் மைல் தொலைவில் இருக்கும்போதே தரையிறங்கும் அணுகுமுறைக்கு அனுமதி வழங்கப்பட்டது. எந்த உயரம் வரை இறங்கலாம் என்று கட்டுப்பாட்டு அதிகாரி கூறவில்லை. அனுமதி கிடைத்துவிட்டதால் 1,800 அடி வரை இறங்கலாம் என விமானி கருதினார். அதே வரைபடத்தின் மற்றொரு பகுதியில் 3,400 அடி என்ற எண் இருந்தது. விமானிகள் அதைக் கவனித்துத் தங்களுக்குள் விவாதித்தது குரல் பதிவில் இடம்பெற்றுள்ளது. விமானம் வெர்ஜீனியா மாநிலத்தின் மவுன்ட் வெதர் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் உயிரிழந்தனர்.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. விமானிகளின் முடிவே முதன்மைக் காரணம் என்று மூவர் கூறினர். உயரக் கட்டுப்பாட்டைத் தெரிவிக்கத் தவறிய கட்டுப்பாட்டு அறையே காரணம் என்று இருவர் கருதினர். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கப்பட இவ்விபத்து வழிவகுத்தது.

மூன்று நாட்களுக்குப் பிறகு, டிசம்பர் 4-ஆம் தேதி, கொழும்பு நோக்கி வந்த மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம் இலங்கையின் மஸ்கெலியா அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. இந்தோனேசிய ஹஜ் பயணிகள் உள்பட 191 பேர் உயிரிழந்தனர். தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

1996: சர்க்கி தாத்ரி

உயர உத்தரவு மீறப்பட்டதால் இந்தியா கண்ட பேரிழப்பு 1996 நவம்பர் 12-ஆம் தேதி ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி வானில் நிகழ்ந்தது. டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி போயிங் 747 விமானத்துக்கு 14,000 அடியும், தரையிறங்க வந்த கஜகஸ்தான் ஐஎல்-76 விமானத்துக்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வான்வழி பயன்பட்டதால், இரு விமானங்களையும் பிரித்து வைத்திருந்தது அந்த 1,000 அடி வித்தியாசம் மட்டுமே. கஜகஸ்தான் விமானம் ஒதுக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியது. நேருக்கு நேர் மோதியதில் 349 பேர் பலியாகினர்.

நீதிபதி ஆர்.சி.லகோத்தி தலைமையிலான விசாரணை ஆணையம், கஜகஸ்தான் விமானிகளின் ஆங்கிலப் புலமைக் குறைவையும் சுட்டிக்காட்டியது. விமானத்தின் உயரத்தைக் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் அப்போது டெல்லியில் இல்லை. இதன் பின்னரே வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாக்கப்பட்டது.

2016 விதி

ஒரு விமானத்துக்கு '5,000 அடிக்கு இறங்கவும்' என்ற உத்தரவு கிடைக்கிறது. ஆனால் அடுத்த புள்ளியில் '8,000 அடி அல்லது அதற்கு மேல்' என்று வரைபடம் கூறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஒரே விடை அளிக்கும் நோக்கில், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வானொலிச் சொற்களைத் திருத்தியது. 2016 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. 'டிசென்ட் வயா ஸ்டார்' என்று கூறப்பட்டால், வரைபடத்தின் பாதை, உயரம், வேகம் அனைத்தையும் பின்பற்றியே கீழிறங்க வேண்டும். உயரக் கட்டுப்பாடு தேவையில்லை எனில், 'கேன்சல் லெவல் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று வெளிப்படையாகக் கூற வேண்டும். சொல்லாமல் விடப்பட்ட கட்டுப்பாடு நீக்கப்பட்டதாகப் பொருளாகாது.

அமெரிக்க நடைமுறையோ வேறு. அங்கு 'வயா' என்ற சொல் இன்றி 'டிசென்ட் அண்ட் மெயின்டெய்ன்' என்று மட்டும் உத்தரவிட்டால், வரைபட உயரங்கள் நீங்கியதாகவே கொள்ளப்படுகிறது. இரு முறைகளிலும் பறக்கும் விமானி ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றில் கடைப்பிடித்தால் பிழை நேரும்.

உயரமானியும் மற்றொரு காரணம். அது அளப்பது காற்றழுத்தத்தையே. அதிக உயரத்தில் 1013.2 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அளவும், கீழே அந்தந்த விமான நிலையத்தின் அழுத்த அளவும் பயன்படுகின்றன. அளவை மாற்றும் உயரம் அமெரிக்காவில் 18,000 அடி என ஒரே சீராக உள்ளது. இந்தியாவில் விமான நிலையத்துக்கு ஏற்ப வேறுபடுகிறது. மாற்ற மறந்தால் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் ஏறத்தாழ 30 அடி பிழை ஏற்படும். கடைசி நேரத்தில் ஓடுபாதை மாற்றப்பட்டால், புதிய பாதையின் உயரங்களைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கும் பணியும் அதே சில நிமிடங்களில் சேர்ந்துகொள்கிறது.

உத்தரவைத் திரும்பக் கூறுவது, இரு விமானிகளும் தனித்தனியே எண்ணைச் சரிபார்ப்பது, ஐயம் எழுந்தால் இறங்குவதற்கு முன்பே கட்டுப்பாட்டு அறையிடம் கேட்பது ஆகியவையே விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் தற்காப்பு. 3,400 அடி என்ற எண்ணைக் கண்டு விவாதித்த டிடபிள்யூஏ 514 விமானிகள், அது குறித்துக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.